பொலித்தீன் கழற்றாத கதிரைகள்

எனக்குக் கையெழுத்து அழகாக இருந்தது. வாழ்க்கையில் நான் செய்த பெரிய பிழை அதுதான். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் "இராசையா அண்ணனக் கூப்பிடு" என்பார்கள். எங்கள் தோட்டத்துப் பெண்கள் ஒரு நாடகக் குழு தொடங்கியபோது, மேடைப் பக்கமே போகாத என்னைச் செயலாளராகப் பிடித்துப் போட்டதும் அந்தக் கையெழுத்தை நம்பித்தான். தோட்டம் நமுனுகுல பக்கம். பெயரைச் சொல்ல மாட்டேன். தோட்டத்தை நடத்துகிற எங்கள் துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசித்துச் சொல்லிக் கொடுக்க ஆளுக்குப் பஞ்சமில்லை.

நாடகத்தின் பெயர் 'கழிவு கிலோ'. பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கிறார்களே, அதைப் பற்றியது. கழித்துக் கழித்து, கடைசியில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற பெண்ணே இல்லை என்று துரை தீர்ப்புச் சொல்லுவார். அந்தத் துரையாக நடித்தது விஜயலெட்சுமி. அன்றாடம் கொழுந்துக் கூடையோடு மலையிறங்குகிறவள், புருஷனின் பழைய காற்சட்டையை மாட்டி, தொப்பியைச் சரித்து, கைத்தடியைச் சுழற்றிக்கொண்டு வந்தால், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவே பதறி எழுந்து நிற்பாள்.

அதுவே வினையாகிவிட்டது. துரைக்கு விஷயம் போய், தோட்ட எல்லைக்குள் நாடகம் கூடாது என்று உத்தரவு வந்தது. விளையாட்டுத் திடலையாவது கேட்கலாம் என்றால், அது இப்போது மலை பார்க்க வருகிற சுற்றுலாக்காரர்களின் வேன் நிறுத்துமிடம்.

வேறு நேரமாக இருந்தால் அடுத்த வருடம் பார்ப்போம் என்று விட்டிருப்போம். ஆனால் விஜயலெட்சுமிக்கு இருபத்தாறாம் திகதி குவைத் பயணம். வீட்டு வேலை, இரண்டு வருட ஒப்பந்தம். பதினான்கு வயது மகள் தர்ஷிகா, அந்தச் செய்தி கேட்ட நாளிலிருந்து தாயோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"அண்ணே, நான் போனப்புறம் அவ கண்ணுக்குள்ள நான் கூடையோட நிக்கக் கூடாது. தொப்பியோட நிக்கணும்," என்றாள் விஜயலெட்சுமி. "ஒரே ஒரு தரம், லைட்டு போட்ட மேடையில. அதுக்கப்புறம் என்னய எங்க வேணும்னாலும் அனுப்புங்க."

அப்படித்தான் பதுளையிலுள்ள மலையருவி மக்கள் கலை நிலையத்தின் படியை நாங்கள் மிதித்தோம்.

வாசலில் 'மக்களின் கலை, மக்களின் இல்லம்' என்று பெரிய எழுத்தில் ஒரு பலகை. அதற்குக் கீழே, 'அனுமதியின்றி உட்பிரவேசிக்கக் கூடாது' என்று அதைவிடப் பெரிய எழுத்தில் இன்னொன்று. உள்ளே முன்பதிவுப் பிரிவில் நிஷாந்தினி என்ற பிள்ளை இருந்தாள். நல்ல பிள்ளை. பாவம், அங்கே வேலை செய்தாள்.

"மிஸ், இருபத்தொராந் திகதி ஞாயித்துக்கெழமை மண்டபம் வேணும். நாடகம் போட," என்றேன்.

"போடலாம் அங்கிள். ஆனா வாடகைக்கு எடுக்கிறதுக்கு முதல்ல மண்டபத்தப் பாக்கணும். பாக்கிறதுக்கு முதல்ல பார்வையாளர் விண்ணப்பம் நிரப்பணும். நிரப்புறதுக்கு முதல்ல கால் கழுவணும்."

கால் கழுவினோம். பாதத்துக்கு மேல் போட நீல நிறப் பை தந்தார்கள். வழுக்கி வழுக்கி உள்ளே போனோம். அடேயப்பா! இருநூறு சிவப்புக் கதிரைகள், ஒவ்வொன்றுக்கும் கடையில் போட்ட பொலித்தீன் உறை அப்படியே. மேடை கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. மேலே தொங்கிய விளக்குகளுக்கும் உறை.

"மண்டபம் திறந்து எத்தன வருஷம் மிஸ்?"

"ஆறு வருஷம் அங்கிள்."

"இதுவரைக்கும் என்னென்ன நிகழ்ச்சி நடந்திச்சு?"

"திறப்பு விழா நடந்திச்சு."

"அதுக்குப் பொறகு?"

"ஒவ்வொரு வருஷமும் திறப்பு விழாவோட ஆண்டு நிறைவு விழா நடக்கும். அது வெளிய, முத்தத்தில கூடாரம் போட்டு."

சுவரில் ஐந்து கேடயங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. 'மிகச் சிறப்பாகப் பராமரிக்கப்படும் மண்டபம்', ஐந்து வருடமும் தொடர்ந்து. நான் அவற்றை வாசித்துக்கொண்டிருந்தபோது விஜயலெட்சுமி ஒரு கதிரையைத் தடவிப் பார்த்து, மெல்ல உட்காரப் போனாள்.

"ஐயோ அக்கா, உக்காந்திராதீங்க!" நிஷாந்தினி ஓடி வந்தாள். "உக்காந்தா நான் அறிக்கை எழுதணும்."

விஜயலெட்சுமி பாதி குனிந்தபடியே நின்றுவிட்டாள். மலையில் கொழுந்தெடுக்கிற நிலையிலேயே நின்றவளைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பிறகு நிமிர்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

விண்ணப்பப் படிவம் ஒன்பது பக்கம். வாடகை என்னவோ மலிவுதான். கேள்விகள்தான் ஆளைக் கொன்றன. 'நிகழ்ச்சியின்போது மேடையில் அசைவுகள் இடம்பெறுமா?' என்று கேட்டிருந்தது. ஆம் என்று எழுதினேன். 'ஆம் எனின், எத்தனை?' அதற்கு அடுத்தது, 'பார்வையாளர்கள் வருவார்களா? ஆம் எனின், காரணம் தருக.' இதற்கு என்ன காரணம் எழுதுவது? அரை மணிநேரம் யோசித்து, 'பார்ப்பதற்கு' என்று எழுதினேன்.

நிஷாந்தினி அதை வாசித்துவிட்டுப் பேனையால் நெற்றியைச் சொறிந்தாள். "இந்தக் கேள்விக்கு இதுவரைக்கும் யாரும் பதில் எழுதினதில்ல அங்கிள். இத பணிப்பாளர்தான் தீர்மானிக்கணும்."

பணிப்பாளர் திரு. மாணிக்கராஜ் எங்களுக்கு அடுத்த கிழமை பத்து நிமிடம் ஒதுக்கினார். ஒன்றேகால் மணித்தியாலம் பேசினார். செயலாளர் என்ற முறையில் நான் கூட்டக் குறிப்பு எழுதினேன். ஒரு சொல் விடவில்லை. அது என் வியாதி.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாததில்ல," என்று தொடங்கினார். "நானும் சின்ன வயசில இருந்தே தேத்தண்ணி குடிச்சு வளந்தவன். இந்த மண்டபம் யாருக்காக? மக்களுக்காக. அதில மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா, மக்கள் உள்ள வந்தா மண்டபம் மண்டபமா இருக்குமா? இருக்காது. அப்ப மக்களுக்கு எதக் குடுக்கிறது? ஆகவே, மக்களுக்காக இந்த மண்டபத்த மக்கள்கிட்ட இருந்து நாங்க பாதுகாத்துக்கிட்டு இருக்கோம்."

"நாங்க செருப்பக் கழட்டிட்டு வாறோங்க ஐயா," என்றாள் விஜயலெட்சுமி.

"செருப்பு இல்ல பிரச்சன, அம்மா. நீங்க இந்த மண்ணோட வேர்கள். வேர் எங்க இருக்கணும்? மண்ணுக்குள்ள. வேர் மேடைக்கு வந்தா மரம் சாஞ்சிரும். நீங்க செய்யிறது கலைன்னு உங்களுக்கே தெரியாது. அதத் தெரிஞ்சுக்கத்தான் நாங்க இருக்கோம்."

"எங்களுக்குத் தெரியுங்க. அதனாலதான் மண்டபம் கேட்டு வந்தோம்."

பணிப்பாளர் சிரித்தார். பாலர் பாடசாலைப் பிள்ளை தப்பாகக் கணக்குச் சொன்னால் சிரிப்பார்களே, அப்படி. பிறகு நாடகப் பிரதியை வாங்கி, 'பிரதி ஆய்வு உபகுழு'வுக்கு அனுப்பினார்.

உபகுழு வேகமாக வேலை செய்தது. எட்டே நாளில் பிரதி தபாலில் திரும்பி வந்துவிட்டது. துரை என்று வருமிடமெல்லாம் வெட்டி, 'உயர் பதவியிலுள்ளவர்களைப் புண்படுத்தக்கூடும்' என்று ஓரத்தில் எழுதியிருந்தார்கள். தராசை வெட்டி, 'மேடைத் தளத்தில் கீறல் விழும்.' சண்டைக் காட்சி, அசைவு. அழுகைக் காட்சி, ஈரம். சிரிக்க வைக்கிற இடங்களுக்கு, 'பார்வையாளர்கள் கதிரையில் ஆடக்கூடும்.' இருபத்தாறு பக்க நாடகத்தில் மிஞ்சியது இதுதான்:

பெண்கள் வருகிறார்கள்.
பெண்கள் போகிறார்கள்.
திரை.

அடியில் உபகுழுத் தலைவரின் குறிப்பு: 'அருமையான பிரதி. சற்றே நீளம்.'

விஜயலெட்சுமிக்கு வாசித்துக் காட்டினேன். "வந்துட்டுப் போறதுக்கு எதுக்குண்ணே நாடகம்? அதத்தான தெனமும் செய்யிறோம்," என்றாள். பிறகு படபடவென்று பொரிந்தாள். அவள் உபகுழுவைத் திட்டியதை எந்தக் கூட்டக் குறிப்பிலும் எழுத முடியாது.

ஆனாலும் கடைசியாக ஒரு படி பாக்கி இருந்தது. 'மேடைப் பொருத்தப் பரிசோதனை.' பதினேழாம் திகதி புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, நடிகர்கள் அனைவரும் நாடக உடையுடனும் நாடகப் பொருட்களுடனும் சமுகமளிக்க வேண்டும். அதில் தேறினால் இருபத்தொன்று நிச்சயம் என்று கடிதம் சொன்னது. பதினாறு பேர் அன்றைய வேலையை விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் பசறை வழியாகப் போய் இறங்கினோம். கூடை, இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கு எல்லாம் கையோடு. துரை வேடத்தையே உபகுழு வெட்டிவிட்டதால் விஜயலெட்சுமியும் கூடைதான் கொண்டு வந்தாள். அதைத் தோளில் மாட்டும்போது அவள் முகம் செத்துப்போயிருந்தது.

நிலையத்தின் படலை பூட்டியிருந்தது. பனி. குளிர். முன்னால் பெரிய வெள்ளைக் கட்டடம். அப்போதுதான் அது நடந்தது. யாரும் சொல்லவில்லை, யாரும் யோசிக்கவில்லை. பனி பெய்கிற காலையில் ஒரு பெரிய கட்டடத்துக்கு முன்னால் கூடையோடு கொண்டுபோய் விட்டால் எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள்? வரிசையில் நின்றுவிட்டார்கள். தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் விடிகாலையில் பெரட்டுக் களத்தில் அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பது போலவே, உயரப்படி, தலை குனிந்து, சத்தமில்லாமல்.

எங்கள் நாடகத்தில் கங்காணியாக நடிக்கும் பொன்னையா அண்ணன் நிஜத்திலும் கங்காணி. பஸ்ஸில் யாரும் விடுபட்டுவிட்டார்களா என்று பார்க்கத்தான் அவர் பேர் கூப்பிடத் தொடங்கினார். ஆனால் முப்பது வருடப் பழக்கம் வாயை விடுமா?

"விஜயலெட்சுமி!"

"வந்திருக்கேங்க."

"நாலாம் நம்பர் மல, கொழுந்து. பாக்கியலெட்சுமி!"

"வந்திருக்கேங்க."

"ஆறாம் நம்பர், புல்லு வெட்டு. கருப்பம்மா! எங்க கருப்பம்மா?"

கருப்பம்மா தெருவைத் தாண்டி ஓடி வந்தாள். "ஐயா, பணிஸ் வாங்கப் போனேங்க ஐயா!"

"லேட்டு. இன்னைக்கு அரப்பேர்தான், அர நாள் சம்பளம்," என்றார் பொன்னையா அண்ணன். கருப்பம்மாவும் தான் பதுளையில் நிற்பதை மறந்துபோய், "ஐயா, அரப்பேர் போட்டுறாதீங்க ஐயா, புள்ளகுட்டிக்காரி," என்று கெஞ்ச ஆரம்பித்துவிட்டாள்.

பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் இரண்டு வாகனங்கள். மண்டபம் கட்ட உதவிய வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து மூன்று பேர், பணிப்பாளரிடம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பணிப்பாளர் மாணிக்கராஜ், பாதி கட்டிய கழுத்துப் பட்டியோடு ஓடி வந்தார். வந்தவர் எங்களைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். மனிதர் கெட்டிக்காரர். ஒரு நொடிதான் திகைத்தார்.

"இதுதான் பெரட்டு!" என்று கைகளை விரித்தார். "சூரியனை வரவேற்கும் அதிகாலைச் சடங்கு. இருநூறு வருடப் பாரம்பரியம். எங்கள் நிலையம் மூன்று வருடம் ஆய்வு செய்து மீட்டெடுத்தது."

அதில் இருநூறு வருடம் என்பது மட்டும் உண்மை.

அந்த அம்மா இன்னொரு முறை பார்க்க விரும்பினாள். இன்னொரு முறை செய்தோம். படம் பிடிக்க மூன்றாவது முறை. அந்த ஒரே காலையில் கருப்பம்மாவுக்கு மூன்று அரைப்பேர் விழுந்தது. பணிப்பாளர் விஜயலெட்சுமிக்குப் பக்கத்தில் வந்து நின்று விருந்தினர்களுக்கு விளக்கினார். "இந்த அம்மா நிற்கிற நிலையைப் பாருங்கள்! இந்தப் பணிவு! எந்தக் கலைக் கல்லூரியிலும் இதைச் சொல்லிக் கொடுக்க முடியாது."

உண்மைதான். கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தால் மூன்று வருடத்தில் முடிந்திருக்கும்.

இருபத்தொராம் திகதி மண்டபம் எங்களுக்குத்தான் என்று அங்கேயே தீர்மானமாயிற்று. ஆனால் நாடகம் கிடையாது. பெரட்டு. ஒரு மணித்தியாலம். தோட்டத்து ஆட்கள் வரலாம், பின்னால் 'நின்று ரசிக்கும் பகுதி'யில் நிற்கலாம். நான் வாயைத் திறப்பதற்குள் விஜயலெட்சுமி முந்திக்கொண்டாள். "சரிங்க ஐயா. செய்யிறோம்," என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே விட்டேன். "என்ன புள்ள, ஒனக்கு மானம் ரோசம் இல்லியா? மக முன்னுக்கு மறுபடி கூடையோட நிக்கப் போறியா?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, அன்னைக்கு அந்தாளு பேசினத முழுசா எழுதி வச்சிருக்கீங்கதான?"

"ஒரு சொல்லு விடல. ஏன்?"

"ராவைக்கு எனக்கு வாசிச்சுக் காட்டுங்க."

இருபத்தொராம் திகதி மூன்று மணி. முன்வரிசையில் பணிப்பாளர், உபகுழு, அந்த வெள்ளைக்கார அம்மா, அவளுக்கு மொழிபெயர்க்க ஒருவர். மிச்சக் கதிரைகள் பொலித்தீனோடு காலியாகக் கிடந்தன. பின்னால், சுவரோடு சுவராக, எங்கள் லயத்துச் சனம் முழுவதும் நீலப் பைக் கால்களோடு நெருக்கியடித்து நின்றது. தர்ஷிகாவும் நின்றாள். வர மாட்டேன் என்று அடம்பிடித்தவளை நிஷாந்தினிதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள்.

திரை விலகியது. பெண்கள் வந்தார்கள். வரிசையில் நின்றார்கள். பொன்னையா அண்ணன் பேர் கூப்பிட்டார். பணிப்பாளர் தலையாட்டி ரசித்தார்.

"விஜயலெட்சுமி!"

பதில் இல்லை.

"விஜயலெட்சுமி!"

மேடையின் ஓரத்திலிருந்து கைத்தடி தரையில் தட்டுகிற சத்தம் கேட்டது. காற்சட்டை, பூட்ஸ், சரிந்த தொப்பி. பூட்ஸோடு அவள் அந்தக் கண்ணாடி மேடையில் நடந்து வந்தாள், டக் டக் என்று. பணிப்பாளர் பாதி எழுந்துவிட்டார். அவள் நடுவிளக்குக்குக் கீழே வந்து நின்று, மண்டபத்தை ஒரு தரம் அளந்து பார்த்து, ஒரு அதட்டுப் போட்டாள்.

"என்ன எல்லாம் நிக்கிறீங்க? உக்காருங்க!"

துரை சொன்னால் எங்கள் சனம் கேட்காதா? பின்னால் நின்ற அத்தனை பேரும் ஓடி வந்து கதிரைகளில் உட்கார்ந்தார்கள். நூற்றுச் சொச்சம் பொலித்தீன் உறைகள் ஒரே நேரத்தில் நசுங்குகிற சத்தம் இருக்கிறதே, என் காதுக்கு அதைவிட இனிமையான இசை கிடையாது. தர்ஷிகா முதல் ஆளாக உட்கார்ந்தாள். இன்னும் ஒருவர் உட்கார்ந்தார். பாதி எழுந்திருந்த பணிப்பாளர்தான்.

பிறகு துரை பேசினார். உபகுழு வெட்டிய வசனங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் என் கூட்டக் குறிப்பிலிருந்து, ஒரு சொல் மாறாமல்.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாததில்ல. நானும் சின்ன வயசில இருந்தே தேத்தண்ணி குடிச்சு வளந்தவன்!"

மண்டபம் வெடித்தது. ஆயம்மா சிரித்த சிரிப்பில் கதிரை ஆடியது. விஜயலெட்சுமி விடவில்லை. வேர் எங்கே இருக்க வேண்டும் என்று வரிசையில் நின்ற பெண்களைக் கேட்டாள். மண்ணுக்குள் என்று அவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள். "மக்களுக்காக இந்த மண்டபத்த மக்கள்கிட்ட இருந்து நாங்க பாதுகாத்துக்கிட்டு இருக்கோம்," என்று கைத்தடியை உயர்த்தியபோது, மொழிபெயர்ப்பைக் கேட்டுக்கொண்டிருந்த வெள்ளைக்கார அம்மா மெதுவாகத் திரும்பிப் பணிப்பாளரைப் பார்த்தாள்.

நான் பணிப்பாளரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கறுக்கும் என்று நினைத்தேன். மலர்ந்தது! மனிதர் ஒவ்வொரு வசனத்துக்கும் வாயசைத்தார். கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார். "பார்த்தீர்களா? என் சிந்தனைகளை எவ்வளவு ஆழமாக உள்வாங்கியிருக்கிறார்கள்!" என்று பக்கத்திலிருந்த உபகுழுத் தலைவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. எதைச் சொல்லித் திட்டினால்தான் அந்த மனிதருக்கு உறைக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

தர்ஷிகா சிரித்துக்கொண்டே அழுதாள். நாடகம் முடிந்ததும் மேடைக்கு ஓடிப்போய், தாயின் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றித் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஆறு கிழமைக்குப் பிறகு, "அம்மா" என்றாள். நானும் அழுதேன். எனக்கு வெட்கமில்லை.

கதிரைகளில் மக்கள் அமர்ந்த தடம் காணப்படுவதால் மண்டபம் திருத்த வேலைகளுக்காகக் காலவரையறையின்றி மூடப்படுகிறது என்று அடுத்த மாதம் கடிதம் வந்தது. பணிப்பாளரின் மேடைப் பேச்சுகளை நாடகமாக்கும் திட்டத்துக்கு எங்கள் குழுவைத் தெரிவு செய்திருப்பதாக அதே உறைக்குள் இன்னொரு கடிதம். பதில் எழுதும் பொறுப்பு என்னுடையது. இன்னும் எழுதவில்லை. கையெழுத்து அழகாக வர மாட்டேன் என்கிறது.

விஜயலெட்சுமி சொன்ன திகதியில் போனாள். வெள்ளிக்கிழமைகளில் மகளுக்குக் குரல் பதிவு அனுப்புவாள். போன கிழமை எனக்கும் ஒன்று வந்தது.

"அண்ணே, இந்த வீட்டுல ஒரு பெரிய ஹோல் இருக்கு. பன்னெண்டு கதிர, எல்லாத்துக்கும் பொலித்தீன் ஒற. யாரும் உக்காந்து நான் பாத்ததில்ல. தெனமும் தூசி தட்டுறது நான்தான். நேத்து மேடம் வெளிய போன நேரம் நடுக் கதிரையில உக்காந்துட்டேண்ணே. கொஞ்ச நேரம்தான். நீங்க ஒரு அறிக்க எழுதி வைங்க."

எழுதி வைத்திருக்கிறேன்.